காலியாகக் கிடந்த கட்டில்கள்

என் தம்பி குடிகாரன். இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை. எங்களைச் சுற்றி வெட்கப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த வெட்கத்தால்தான் அவன் சாகப் பார்த்தான்.

அப்போது அனுப்பர்பாளையத்தில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். எட்டு வீடுகளுக்கு ஒரே குழாய். நான், அம்மா, தம்பி மூன்று பேரும் ஒரு வீட்டில். என் கல்யாணம் முறிந்து நான் அம்மாவிடமே திரும்பியிருந்தேன். எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருந்தால் ஒதுக்க வேண்டும். தம்பி நெருப்பெரிச்சலில் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவன் பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போனதில் தப்பே இல்லை. நானாக இருந்தால் அதற்கு முன்னாடியே போயிருப்பேன்.

அவன் குடிக்கப் பழகியது கம்பெனியில்தான். ஷிப்மெண்ட் நெருங்கினால் டெய்லர்களை வீட்டுக்கு விடமாட்டார்கள். சாயந்தரம் காண்ட்ராக்டர் பரோட்டா பொட்டலத்தோடு ஆளுக்கொரு குவாட்டரும் வாங்கி வருவார். உள்ளே போனால் முதுகுவலி தெரியாது, கை ஓடும். இதை யாரும் தப்பென்று சொன்னதில்லை. ஆட்களை நல்லாக் கவனிக்கிற காண்ட்ராக்டர் என்றுதான் பேர். சில வருடங்களில் காலையில் ஒன்று ஊற்றாமல் தம்பியால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. அந்தச் சமயம் பார்த்து அரசாங்கமே ஒயின்ஷாப்பை எடுத்து நடத்த ஆரம்பித்திருந்தது. எங்கள் தெருமுனையில் ஒன்று, அவன் கம்பெனிக்குப் போகும் வழியில் ஒன்று. தேடவே வேண்டாம்.

அம்மா கயிறு கட்டக் கூட்டிக்கொண்டு போனாள். பெருமாநல்லூர் தாண்டி ஒரு கோயில். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்தால் பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டுவார். மீறிக் குடித்தால் சாமி கை காலை முடக்கிவிடும் என்பது நம்பிக்கை. தம்பி அழுதுகொண்டே கட்டிக்கொண்டான். ஏமாற்றுவதற்காகக் கட்டிக்கொள்ளவில்லை. அவன் நிஜமாகவே நிறுத்தினான். அதுதான் வினையாகப் போனது.

இரண்டாம் நாள் காலையில் பல் விளக்கப் போனவன் குழாயடியில் விழுந்தான். கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, வாயில் நுரை. நான் தலையைப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து காலைப் பிடித்தாள். அவள் தூத்துக்குடிப் பக்கம், புருஷன் அயர்ன் மாஸ்டர். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர்.

அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, கயித்தக் கட்டிக்கிட்டுப் போயிக் குடிச்சுப்போட்டானே! சாமி அடிச்சுப்போடுச்சே!"

"ஊட்ட விட்டு எங்கம்மா போனான்? நீதான வாசப்படிக்குக் குறுக்கால படுத்திருந்த?" என்றேன்.

"உனக்குத் தெரியுமா, சாமிக்குத் தெரியுமா? வாய மூடு."

பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அதை நான் அப்போதே பார்த்தேன். பயந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில் ஆட்டோ பிடித்து மறுபடியும் கோயிலுக்குப் போனோம். பூசாரி தம்பியின் வாயை மோந்து பார்த்தார்.

"பொய் சொல்லாத சாமி. ஒரு சொட்டாச்சும் நாக்குல பட்டிருக்கோணும். இல்லாட்டி இது வராது."

"இல்லீங்க. சத்தியமா இல்லீங்க" என்றான். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. குழறுகிறதே, அப்புறம் என்ன சாட்சி வேண்டும் என்று நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, இன்னொரு கையிலும் கயிறு கட்டி அனுப்பினார்கள். நடுங்கிக்கொண்டே வந்தான். குளிர் என்று நினைத்துப் போர்வையைப் போர்த்தினேன்.

மறுநாள் விடிந்து நான் கண் விழித்தபோது பாயில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தான். எதிரில் மெஷின் இல்லை, துணியும் இல்லை. வலது பாதம் தரையை அழுத்தி அழுத்தி விட்டது. இரண்டு கையும் முன்னால் எதையோ தள்ளின. நான் செக்கிங்காரி, எத்தனையோ டெய்லர்கள் தைப்பதைப் பார்த்தவள். அவன் என்ன தைக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. தோளைச் சேர்த்தான். திருப்பிப் போட்டான். பனியன் கையை ஏற்றினான். அக்குளில் கொஞ்சம் நிதானித்து இறக்கினான். நூலைச் சுண்டி அறுத்து இடது பக்கம் வீசிவிட்டு அடுத்த பீஸை எடுத்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு தையல் பிசகவில்லை.

"கண்ணு, கண்ணு" என்று அம்மா அவன் முகத்தைத் திருப்பினாள். கண் திறந்திருந்தது, அம்மாவைப் பார்க்கவில்லை.

"அண்ணா, இன்னொண்ணு ஊத்துங்க. ரெண்டு கட்டுத்தான் பாக்கி, முடிச்சுக் குடுத்தர்றேன்" என்றான், சுவரைப் பார்த்து.

இந்தத் தடவை நான் அம்மாவைக் கேட்கவில்லை. ஆட்டோக்காரரும் நானும் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவிலும் அவன் தைத்துக்கொண்டே வந்தான்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசு. "பழக்கம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க சாமி. என்ற பையன் டீ கூடக் குடிக்கமாட்டானுங்க" என்றாள் அம்மா. கைகூப்பிக்கொண்டு சொன்னாள். பெற்ற பிள்ளை எதிரில் காற்றைத் தைத்துக்கொண்டிருக்கிறான், இவள் டீ கூடக் குடிக்கமாட்டான் என்கிறாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், அவளுக்கு அதுதான் பெரிதாகப் போய்விட்டது.

"குடிப்பானுங்க" என்று நான் கத்தினேன். "காலைலயும் குடிப்பான், பொழுதோடவும் குடிப்பான். நிறுத்தி மூணு நாளாச்சுங்க." அம்மா என் கையைக் கிள்ளினாள். தோல் பிய்ந்துவிட்டது.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "இதைச் சொல்லாம விட்டிருந்தா நான் மூளைக் காய்ச்சல்னு வைத்தியம் பண்ணிட்டு இருப்பேன். சடார்னு நிறுத்தச் சொன்னது யாரு?"

"சாமிங்க" என்றாள் அம்மா.

"இவ்வளவு குடிச்சவங்க மருந்து இல்லாம நிறுத்தினா உயிரே போயிடும்மா."

குடித்தால் சாவான் என்றுதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. நிறுத்தினாலும் சாவான் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை கடை திறந்த ஊரில், தெருத்தெருவாகக் குடிகாரர்கள் விழுந்து கிடக்கிற ஊரில், இதை ஒருத்தர்கூட எங்களுக்குச் சொன்னதில்லை.

ஊசி போட்டார்கள். கையையும் காலையும் பேண்டேஜ் துணியால் கட்டிலில் கட்டினார்கள். மத்தியானத்துக்கு மேல் அவன் கை ஓய்ந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு நேராகச் சொன்னார். இந்த நடுக்கத்தை நிறுத்தத்தான் இங்கே முடியும், குடியை நிறுத்த வைக்க இங்கே வசதி இல்லை. இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடுவார்கள். வெளியே போனதும் குடிப்பான், மறுபடி யாராவது கயிறு கட்டுவார்கள், மறுபடி ஃபிட்ஸ் வரும். அடுத்த தடவை பிழைப்பான் என்று சொல்ல முடியாது. அனுப்புவதற்குள் ஒரு மையம் பார்த்துச் சேர்த்துவிடுங்கள் என்றார்.

"எங்கீங்க சார் இருக்குது?"

"தனியார்ல இருக்கு. நிறையக் கேப்பாங்க."

வார்டு சிஸ்டர் ஒருத்தர் பின்னாலேயே வந்தார். "சர்க்கார் பணத்துல நடக்கறது ஒண்ணு இந்த ஊர்லயே இருக்குதும்மா. காசு வாங்கமாட்டாங்க. ஆனா எங்கேன்னு தெரியாது. முன்னாடி ஒரு போன் நம்பர் வெச்சிருந்தோம், இப்ப அது போறதில்ல."

ஆஸ்பத்திரிக்கே தெரியவில்லை. நான் தேடக் கிளம்பினேன்.

மருந்துக்கடையில் கேட்டேன், குடியை நிறுத்த ஒரு பவுடர் இருக்கிறது, குழம்பில் கலந்து கொடுங்கள் என்றான். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன், மலையாளத்து மந்திரவாதியிடம் கொண்டு போகச் சொன்னார்கள். தனியார் மையம் ஒன்றில் போய் நின்றேன். அவர்கள் கேட்ட காசை என்னால் புரட்டவே முடியாது. எங்கள் பகுதிக் கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கும் போனேன். அவர் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, "குடிக்கறவனுக்கு கவர்மெண்டு எதுக்கும்மா செலவு பண்ணோணும்?" என்றார்.

"விக்கறது கவர்மெண்டுதானுங்களே" என்றேன்.

"வாய் ஜாஸ்தியா இருக்குது உனக்கு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் பகல் எனக்குப் பொறுக்கவில்லை. குடிகாரர்களுக்குத் தெரியாத இடமா என்று எங்கள் தெருமுனை ஒயின்ஷாப்புக்கே போனேன். கம்பிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்ற ஆம்பளைகள் விலகி வழி விட்டார்கள். ஒருத்தன் லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டான். அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

"என்னம்மா வேணும்?" என்றான் விற்கிறவன்.

"குடிய நிறுத்தற கவர்மெண்டு ஆஸ்பத்திரி எங்கீங்க இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, அதுக்கு அடுத்த கவுண்டர்ல டோக்கன் வாங்கோணுங்க."

"அட, சும்மா இர்றா. பாவம், வெயில்ல வந்திருக்குது. அக்காவுக்குக் கூலிங்கா ஒரு சோடா குடுங்கப்பா."

விற்கிறவன் மட்டும் சிரிக்கவில்லை. "நாங்களும் கவர்மெண்டுதான், அவிங்களும் கவர்மெண்டுதான். எத்தன பெட்டி வித்துதுன்னு தெனமும் கேக்கறாங்க. அந்த மாதிரி ஒரு எடம் இருக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க" என்றான்.

திரும்பி நடந்தேன். பின்னால் ஒரு ஆள் பிளாஸ்டிக் டம்ளரோடு ஓடி வந்தான். தாடி, கண்ணெல்லாம் மஞ்சள்.

"அக்கா, எனக்குத் தெரியுங்க. நான் அங்க ஒரு மாசம் இருந்திருக்கறேன். இப்ப நெதானத்துல இல்ல, வழி சொன்னாத் தப்பாச் சொல்லிருவேன். எங்கூட ஒரு அயர்ன் மாஸ்டர் இருந்தாப்ல. தூத்துக்குடிக்காரரு. இந்தா, இந்தச் சந்துல எட்டு ஊடு இருக்கற காம்பவுண்டு. அவரக் கேளுங்க. அவரு திருந்திட்டாரு. எனக்குத்தான் கொடுப்பினை இல்ல."

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அயர்ன் மாஸ்டர் ஒரு மாதம் வீட்டில் இல்லை. "ஊர்ல கோயில் கொடைக்கா, அவிய போயிருக்காவ" என்று அவர் பெண்டாட்டி சொன்னாள். கொடைத் திருவிழா முடிந்து அவர் வந்ததும் எனக்கு ஒரு கருப்பட்டிச் சிப்பம் கொடுத்தாள். ஊர்க் கருப்பட்டி என்று நாங்களும் காப்பியில் போட்டு ருசி பார்த்துக் குடித்தோம். அதை இங்கே எந்தக் கடையில் வாங்கினாளோ. அத்தனை ஏற்பாடு செய்து மறைத்திருக்கிறாள். என் தம்பி குழாயடியில் வெட்டி இழுத்தபோது காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அது என்ன என்று அந்தக் காம்பவுண்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நேராகப் போய் அவள் கதவைத் தட்டினேன்.

"உம் புருசன எங்க சேத்துன? அத மட்டும் சொல்லு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, மெதுவாப் பேசுங்க. பிள்ளை உள்ள படிச்சிட்டிருக்கா."

"என்ற தம்பி செத்துட்டிருக்கான், மெதுவாப் பேசோணுமா? அன்னைக்கு வாயத் தொறந்தியே, ஏண்டி மூடுன?"

"எங்க ஊருக்குத் தெரிஞ்சா எம் மகள எவன் கட்டுவான்? அவிய அம்மைக்கே தெரியாதுக்கா. உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், சத்தம் போடாதிய." மகள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கு என் தம்பியின் உயிர் போகலாமாம்.

உள்ளே இருந்து அவள் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். "நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை மெதுவாக விடுவித்துவிட்டு செருப்பைத் தேடினார்.

அது ஒரு வாடகை வீடு. ஒரு பக்கம் நிட்டிங் கம்பெனி, இன்னொரு பக்கம் அரிசி மண்டி. அந்தத் தெருவில் நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். போர்டு கிடையாது. பொறுப்பாளர் நடுவயசு அம்மா. நான் சொன்னதைக் கேட்டார். ஃபிட்ஸும் உளறலும் நின்றுவிட்டன என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், அன்றைக்கே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

"எடம் இருக்குமுங்களா? காத்திருக்கோணுமா?"

அவர் உள்ளறைக் கதவைத் திறந்து காட்டினார். பதினைந்து கட்டில். ஆறில்தான் ஆட்கள் இருந்தார்கள். மற்றதிலெல்லாம் மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள்.

இரண்டு நாளாக நாய் மாதிரி அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு சந்திலும் ஒருத்தன் விழுந்து கிடக்கிறான். இங்கே சர்க்கார் பணத்தில் வாங்கிய கட்டில் சும்மா கிடக்கிறது. கூட்டம், இடம் இல்லை, அடுத்த மாதம் வா என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

"ஏனுங்க இப்படிக் கெடக்குது?"

"ஆள் வர்றதில்லீங்க."

"போர்டு இல்லீனா எப்படிங்க வருவாங்க?"

"வெச்சோம்மா. தெருவே கூடி வந்து சண்டைக்கு நின்னாங்க. குடும்பம் இருக்கற தெருவு, பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன நெனப்பாங்கன்னு. ஊட்டுக்காரரு போர்டக் கழட்டு, இல்லாட்டிக் காலி பண்ணுன்னுட்டாரு. சிகிச்சை முடிஞ்சு போனவங்களாச்சும் நாலு பேருக்குச் சொல்லுவாங்கன்னு பாக்கறோம். ரோட்டுல எதிர்ல வந்தா எங்களத் தெரியாத மாதிரிப் போயிடறாங்க." அயர்ன் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒயின்ஷாப் இருந்தது. அதன் போர்டு பஸ் ஸ்டாப்பிலிருந்தே தெரியும். அதை எதிர்த்து யாரும் கூடிப் போனதாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பிக்குத் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்து, "அக்கா, ஷிப்மெண்ட் போயிருச்சா?" என்றான். பிறகு அழுதான். அம்மா மட்டும் மையம் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாள். "அங்க போனா குடிகாரன்னு பேரு நெலச்சுப்போகும். அவன் பொண்டாட்டி எப்படித் திரும்பி வருவா?"

"செத்துட்டா மட்டும் வந்துருவாளா?" என்று கேட்டேன்.

தம்பிதான் முடிவு செய்தான். "அக்கா, அங்க மறுக்காக் கயிறு கட்டுவாங்களா?" என்று கேட்டான். இல்லை, மாத்திரை கொடுப்பார்கள், உட்கார வைத்துப் பேசுவார்கள் என்றேன். "அப்பப் போலாம்" என்றான்.

அவனைச் சேர்த்துவிட்டு வந்த அன்றைக்குக் குழாயடியில் யாரோ கேட்டதற்கு, "பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கானுங்க" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குடத்தை வைத்துவிட்டு, அவன் குடிக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இன்ன தெரு, அரிசி மண்டிக்குப் பக்கத்து வீடு, காசு வாங்கமாட்டார்கள், கட்டில் காலியாக இருக்கிறது என்று எட்டு வீட்டுக்கும் கேட்கக் கத்தினேன். அயர்ன் மாஸ்டர் பேரை எடுக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்த தயவு. பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்கு முகம் திருப்பியவள்தான், நாங்கள் அந்தக் காம்பவுண்டை விட்டுப் போகும்வரை என்னோடு பேசவில்லை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தம்பி ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தான். வருஷத்துக்கு மேல் தொடவில்லை. பிறகு ஒரு தீபாவளி போனஸில் மறுபடி குடியில் விழுந்தான். ஆனால் இந்தத் தடவை மருந்தில்லாமல் அவனாக நிறுத்தவில்லை, யாரையும் கயிறு கட்டவும் விடவில்லை. "நானே அங்க போறேன்" என்று துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பொழுது சாயத் திரும்பி வந்து வாசலில் நின்றான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த ஊட்டக் காலி பண்ணிட்டாங்களாம். ஒருத்தருக்கும் எங்கேன்னு தெரியல. அரிசி மண்டிக்காரன், அப்படி எதுவும் இங்க இருந்ததே இல்லைங்கறான்."

நான் செருப்பை மாட்டினேன். மறுபடியும் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தோம். இரண்டு நாள் அவனுக்கு அளவாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டே தேடினேன். நிறுத்தினால் இழுத்துக்கொள்ளும் என்று இப்போது எனக்குத் தெரியும். அக்காளே தம்பிக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறாள் என்று காம்பவுண்டு பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன்.

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு குடோன் மாடியில் அவர்களைக் கண்டுபிடித்தோம். அங்கேயும் போர்டு இல்லை. அதே அம்மாதான் கதவைத் திறந்தார். தம்பி முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், சுருட்டி வைத்திருந்த ஒரு மெத்தையை அவிழ்த்துக் கட்டிலில் விரித்தார்.